ஆச்சிக்கு நாம் பட்ட கடன்

நன்றி மறவோம் என்கிறோம். எதைச் செய்தால் நன்றி? எதைச் செய்யாது விட்டால் நன்றிகேடு? செய்ந்நன்றி அறிதலுக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த நன்றியை நம்மை வளர்த்த மூதாட்டிக்கு எவ்வடிவில் செலுத்துவது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணத்தான் வேண்டும், தோழர்களே!

ஆச்சியைத் தெய்வம் என்கிறோம். தியாகத்தின் திருவுருவம் என்கிறோம். கேட்க இனிக்கிறது! ஆனால், தெய்வத்துக்குப் பசியில்லை, கூலியில்லை, பங்குமில்லை. ஒருத்தியைத் தெய்வமாக்கிவிட்டால், அவளுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்காமலே கும்பிட்டுக் காலம் கழிக்கலாம். ஆகவே, ஆச்சியை மனிதப் பிறவியாகவே நினைவு கூர்வோம்.

கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட கரிசல் பூமி இளையரசனேந்தல். ஒருகாலத்தில் ஜமீன், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. ஆற்றுப் பாய்ச்சல் அறியாத புஞ்சைக் காடு. ஐப்பசியில் வானம் வழங்கினால் கம்பும் சோளமும் பருத்தியும்; பொய்த்தால் பட்டினி. இந்த மண்ணில் இளவயதிலேயே கணவனை இழந்து, பிள்ளைகளை ஆளாக்கியவள் நம் ஆச்சி. விடியுமுன் கம்பு இடித்தாள். பகலெல்லாம் பருத்தி எடுத்தாள். இரவில் விளக்கடியில் தீப்பெட்டி ஒட்டினாள். விதைத் தானியத்தைச் சாம்பலில் புரட்டி, பானையில் அடைத்து, வாயை மண்ணால் பூசிவைப்பாள். அடுப்பு அணைந்து கிடந்த நாளிலும் அந்தப் பானையை அவள் திறந்ததில்லை. எழுத்தறியாதவள், எனினும், தரகன் தராசு எவ்வளவு சாய்கிறது என்பதைக் கண்ணாலேயே அளந்து, நின்று வழக்காடி, ஒரு பலம் குறையாமல் காசு வாங்குவாள். அந்தக் காசில்தான் மகனோடு மகளும் பள்ளிக்குப் போனாள்.

இதற்குப் பெயர் தியாகமா? இல்லை! இது உழைப்பு, இது அறிவு, இது நிருவாகம். இதையே ஓர் ஆண் செய்திருந்தால் குடும்பத் தலைவர் என்போம். பட்டாவில் பெயர் எழுதுவோம். ஆச்சியின் பெயர் எதில் இருந்தது?

அவள் பெருவிரல் பதிந்த பத்திரம் ஒன்றே ஒன்று. அதுவும் அவள் வீட்டில் இல்லை; உடன்பிறந்தார் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதுதான் விடுதலைப் பத்திரம்! தந்தை தம் உழைப்பால் தேடிய நிலத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டென 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறிற்று. சட்டம் கொடுத்ததைப் பாசம் பறித்துக்கொண்டது. நிலம் வேண்டுமா, பிறந்த வீட்டு உறவு வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு நூல் சேலையைப் பெற்றுக்கொண்டு, ஆச்சி கைநாட்டு வைத்தாள்.

மனமுவந்துதானே கொடுத்தாள் என்பர் சிலர். மறுத்தால் வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் வைத்த கைநாட்டு ஈகை ஆகுமா? அன்புக்குக் கணக்குப் பார்ப்பதா என்பர் வேறு சிலர். கணக்குப் பார்த்ததால் மெய்யன்பு மாய்ந்ததில்லை. கணக்கைக் கண்டு மிரளும் அன்புக்குத்தான் வேறு பெயர் உண்டு; அது வசதி!

பெண்ணுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டுமென 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1989-இல். அறுபது ஆண்டுகள்! எத்தனை ஆச்சிகள் அதற்குள் மண்ணாகிப் போயினர்! அச்சட்டம் முன்பே மணமான பெண்களை விலக்கியது. 2005-ஆம் ஆண்டு நடுவண் திருத்தம் அத்தடையையும் அகற்றியது. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை, மகள் பிறப்பாலேயே பங்குடையவள் என 2020-இல் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. சட்டம் நிமிர்ந்துவிட்டது, விடுதலைப் பத்திரம் இன்னும் சாகவில்லை!

செத்தபின் திதி கொடுத்து, வடை பாயசத்தோடு இலை போட்டுக் காக்கையை அழைக்கிறோம். உயிரோடிருந்தபோது திண்ணை மூலையில் அவள் தட்டில் என்ன இருந்தது? வசதியற்ற முதியோரைப் பேரப்பிள்ளைகளும் பேணவேண்டுமென 2007-இல் ஒரு சட்டமே இயற்ற நேர்ந்தது. பாசத்தின் பெருமை பேசும் நாட்டில் பாசத்துக்குச் சட்டம் காவல்!

இளைஞர்களே, ஆச்சிக்குச் சிலை வேண்டாம். படத்துக்கு மாலையும் வேண்டாம். நாளை உங்கள் வீட்டில், உங்கள் தங்கையின் முன் அதே பத்திரத்தை விரிப்பார்கள். தங்கை உங்களுக்காகச் சிரித்துக்கொண்டே கையெழுத்திடவும் முன்வருவாள். அப்பொழுது பேனாவை வாங்கி மூடுங்கள். நில அளவரை அழைத்து வாருங்கள். அவள் பங்குக்கு எல்லைக்கல் நட முதல் கடப்பாரையை நீங்களே பிடியுங்கள். ஆச்சிக்கு நாம் பட்ட கடனில் முதல் தவணை அன்றுதான் அடைபடும்.