தேய்மானம்

புதிய டயரை உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்குவது பொய்யா? கேள்வி சின்னதுதான். ஆனால் சின்னப் பொருளில் தட்டுப்படும்போது சில கேள்விகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருப்பதில்லை.

நான் மாதிரிக் கார்கள் செய்கிறவன். அசலில் 24இல் ஒரு பங்கு. அச்சிலிருந்து வரும் டயரின் நடுவே வார்ப்பு மூட்டின் கோடு ஒன்று ஓடும். மேனியில் ஒரு மினுக்கம். இரண்டும் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். டயரைக் குச்சியில் செருகி, துளைக்கருவியில் மெல்லச் சுழலவிட்டு, 400ஆம் நம்பர் தாளை ஒற்றினால் கோடு மறையும். கருப்பு சாம்பலுக்கு இறங்கும். தரையில் படும் இடத்தைச் சற்றுத் தட்டையாக்கினால் வண்டிக்குப் பாரம் வந்துவிடும்.

குளச்சலில் இருந்துகொண்டு இதைச் செய்வதில் ஒரு விசித்திரம் உண்டு. பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. மரம் தேய்க்கும் தாளில் ஒட்டுகிற செந்துகள் அது. வடகிழக்கே கீரிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்கள். தேய்ப்பதும் தேய்வதும் இந்த மண்ணிலேயே. கடற்கரையில் படகுகளின் விலாவில் தொங்கும் பழைய டயர்களைப் பார்க்கிறேன். அவற்றின் தேய்வு சம்பாதித்தது. நான் கொடுப்பது ஓடாத ஓட்டத்துக்கான கூலி.

ஊரில் டாக்ஸி ஓட்டிய ஒருவர் இறந்தபின், அவருடைய அம்பாஸடரைச் செய்து தரச் சொல்லி மகன் கேட்டான். அந்தக் காரின் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு செய்தேன். பல வருஷம் ஓடிய வண்டி அல்லவா. டயர்களைத் தாராளமாகவே தேய்த்தேன். யதார்த்தம் கைகூடிவிட்டது என்ற கர்வம். அவர் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வண்டி அவியளுக்க வண்டிதான். ஆனா அவிய ஒருநாளும் மொட்ட டயருல ஆளேத்துனதில்ல."

காருக்குச் சட்டம் கேட்கும் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். அதில் 24இல் ஒரு பங்கு 0.07 மில்லிமீட்டர்கூட இல்லை. கூடுதலான இரண்டு தேய்ப்பில் ஒரு மனிதரின் வாழ்நாள் ஜாக்கிரதையை நான் அழித்திருந்தேன்.

மொட்டை டயரில் பள்ளம் கீறிக் கருப்புப் பூசி விற்கிறவனை ஏமாற்றுக்காரன் என்கிறோம். அவன் பழசைப் புதுசாக்குகிறான், நான் புதுசைப் பழசாக்குகிறேன். என் வண்டியில் யாரும் ஏறப்போவதில்லை என்பதே வித்தியாசம் என்று எண்ணியிருந்தேன். அந்த அம்மாள் ஏறியிருந்தார்.

நம் எழுத்திலும் இந்த உப்புத்தாள் வெகுவாகப் புழங்குகிறது. ஏழை என்றால் கந்தல், மீனவன் என்றால் சாராய நெடி. தேய்ந்திருந்தால் உண்மை என்று ஒரு கணக்கு. பொதுவான தேய்வு எவருடைய தேய்வும் அல்ல. பொய், தேய்ப்பதில் இல்லை. யாருடையது என்று கேட்காமல் தேய்ப்பதில் இருக்கிறது.

தேய்த்தது திரும்பாது. வேறு நான்கு டயர்கள் வாங்கினேன். கோட்டையும் மினுக்கத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, பட்டன்களைத் தொடாமல் விட்டேன். கொண்டுபோய்க் கொடுக்குமுன் பார்த்த நண்பர், டயர் மட்டும் புதுசாகத் தெரிகிறதே என்றார்.

அவர் நேரத்துக்கு மாற்றிவிடுவார், என்றேன்.