முருகையும் முருங்கையும்



இன்றைய முதல் வாசகத்தை நான்தான் தெரிந்தெடுத்தேன். வருகிற சனிக்கிழமை நம் பங்கிலிருந்து ஒரு குடும்பம் கல்கரிக்குக் குடிபெயர்கிறது. இது அவர்களுக்கான நன்றித் திருப்பலி. அதனால் வாசகத்தையும் அவர்களுக்கென்றே பார்த்து எடுத்தேன்.

தொடக்கநூல் 33ஆம் அதிகாரம். இருபது வருடம் அந்நிய ஊரில் ஆடு மேய்த்துவிட்டு யாக்கோபு திரும்பி வருகிறார். எதிரே அண்ணன் ஏசா நானூறு ஆட்களோடு வருகிறார். பயந்தது ஒன்று, நடந்தது ஒன்று. இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அழுது ஓய்ந்ததும், வா, சேர்ந்தே போவோம் என்கிறார் அண்ணன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் சின்னதுகள், ஆடுமாடுகள் பால்குடிக் குட்டிகளோடு நிற்கின்றன, ஒரு நாள் விரட்டி ஓட்டினாலே மந்தை செத்துப்போகும். நீங்கள் முன்னே போங்கள், நான் இதுகளின் கால் போகிற அளவுக்குப் பின்னால் வருகிறேன் என்கிறார்.

இது யாக்கோபு சொன்ன சாட்டு என்பவர்களும் உண்டு. உண்மைதான், அவர் அண்ணனுடைய சேயிருக்குப் போகவேயில்லை. சுக்கோத்தில் நின்று மாடுகளுக்குக் கொட்டில் போட்டுவிட்டார். இருக்கட்டும். சாட்டாகவே இருந்தாலும், மந்தையோடு கிடந்தவன் வாயில்தான் அப்படிப்பட்ட சாட்டு வரும்.

போன கிழமை, குடிபெயர்கிற அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குச் செபிக்கப் போனேன். வீடு முழுக்கக் காட்போட் பெட்டி. நிலக்கீழ் அறையில் மட்டும் ஒன்றும் கட்டப்படாமல் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, நீல வெளிச்சத்தில். மூத்த பேரன், பதினாறு வயது, மூன்று வருடமாக வளர்க்கிற பவளத் தொட்டி. உள்ளே போனதும் கடல் மணம். ஸ்காபரோவில், நிலத்துக்குக் கீழே, குருநகர்க் கரையின் மணம்.

ஒரு பவளத்தைக் காட்டினான். விரல் தடிப்பில் பச்சைக் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சுத்தியல் தலைபோல ஒரு வளைவு. தண்ணீர் தள்ளுகிற பக்கம் எல்லாம் சேர்ந்து சாய்கின்றன. அவன் பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தொட்டான். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாக் கைகளும் உள்ளே இழுபட்டு, வெறும் கல்லு நின்றது.

அம்மம்மா பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெடுந்தீவுக்காரர். “சுவாமி, உந்தக் கல்லுக்கு உயிர் இருக்கெண்டு இவன் சொல்லுறான். நாங்கள் உதை அடுக்கித்தானே வளவுக்கு மதில் கட்டினனாங்கள்.”

நெடுந்தீவு போனவர்களுக்குத் தெரியும். அங்கே வேலி என்றால் முருகைக்கல். சாந்து இல்லாமல் அடுக்கிய மதில்கள். அந்தக் கல்லெல்லாம் ஒரு காலத்தில் இப்படிக் கை நீட்டி நின்றவைதான். பூப்போல இருப்பது மிருகம். அதன் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெளிச்சத்தில் சமைக்கிறது, பவளம் அதைச் சாப்பிட்டுக் கல்லைக் கட்டுகிறது. சூடு கூடினால் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. யோபு 28ஆம் அதிகாரத்தில், ஞானத்துக்கு முன்னால் விலைபோகாத பொருட்களின் வரிசையில் பவளமும் வருகிறது. அது நம் பெண்கள் மாலையில் கோக்கிற பவளத்தைப் போன்ற ஆபரணச் சரக்கு. தொட்டியில் இருப்பது கோத்துப் போடுகிற சாதி அல்ல.

தொட்டியைக் கல்கரிக்குக் கொண்டுபோக அந்தப் பேரன், நம்ம தம்பி, போட்ட முதல் திட்டம் இதுதான்: எல்லாவற்றையும் வானில் ஏற்றுவது, அப்பாவும் சித்தப்பாவும் மாறி மாறி ஓட்ட, நிற்காமல் போவது. ரொறன்ரோவிலிருந்து கல்கரி ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். சட்பரி, சூ செய்ன்ற் மரி, சுப்பீரியர் ஏரியின் வடகரை, தண்டர் பே, வினிப்பெக், ரெஜைனா. ஓட்டமே முப்பத்தைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. மிச்சிகன் பக்கமாக எல்லை தாண்டினால் வீதி நல்லது, பெற்றோல் மலிவு என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அதற்குத் தம்பி சிரித்தான். “ஃபாதர், எங்களுக்குப் பாஸ்போட் இருக்கு. கோரலுக்கு இல்ல.” கல்கட்டும் பவளங்கள் எல்லாம் 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான, அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற உடன்படிக்கைக்குள் வருகின்றன. உயிரோடு எல்லை கடக்க அனுமதிப் பத்திரம் வேண்டும். கடதாசி இல்லாமல் எல்லையில் நின்றவர்கள் இந்தக் கோவிலுக்குள் எத்தனைபேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கை தூக்கச் சொல்லமாட்டேன்.

பிறகு, பல வருடம் பவளம் வளர்த்த ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் திட்டத்தைத் தலைகீழாக்கிவிட்டார். பவளம் முதலில் போகக்கூடாது, கடைசியில்தான் போகவேண்டும்.

முதலில் போகவேண்டியது கல். பவளம் ஒட்டியிருக்கிற பெரிய துளைக்கற்கள். தொட்டியின் அழுக்கைத் தின்று சுத்தம் செய்கிற நுண்ணுயிர்கள் அந்தத் துளைகளுக்குள்தான் இருக்கின்றன. கடல்தண்ணியில் நனைத்த பேப்பரால் சுற்றி, மூடியுள்ள தொட்டிகளில், ஈரம் காயாமல் கொண்டுபோகவேண்டும். காய்ந்தால் உள்ளே இருப்பவை செத்து, நாறி, அமோனியா எழும்பும். பழைய தண்ணியைக் கொண்டுபோக அவ்வளவு மினக்கெட வேண்டாமாம். அந்த நுண்ணுயிர்கள் தண்ணியில் கொஞ்சம்தான். உப்பைக் கரைத்துப் புதுத் தண்ணி அங்கேயே செய்யலாம்.

எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. தண்ணிதான் எல்லாம் என்று நான் நினைத்திருந்தேன். கல்கரிக்குப் போகிற நம் சனம் கேட்கிற முதல் கேள்வியும் தண்ணியைப் பற்றியதுதானே: அங்கே தமிழ்க்கடை இருக்கா, ஹோல் இருக்கா, நம்மட சனம் எத்தனை? இருந்தால் நல்லதுதான். ஆனால் இரவுச் செபத்துக்கு அம்மம்மா கூப்பிட்டால் எல்லோரும் வந்து இருக்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதே, அதை 3,400 கிலோமீற்றரும் காயவிடாமல் கொண்டுபோங்கள். 1670ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் போன இருபது குடும்பங்கள் எடுத்துக்கொண்டு போனது ஒரு மாதா சுரூபம். மருதமடு மாதாவின் திருத்தலம் அப்படித்தான் வந்தது.

மண்ணையோ எறிந்துவிடச் சொல்லியிருக்கிறார், தம்பிக்கு அறிவுரை சொன்னவர். தொட்டியின் அடியில் கிடக்கும் பழைய மணல். மேலே பார்க்க வெள்ளைவெளேர் என்று இருக்கும். அள்ளினால் அடியில் மூன்று வருட எச்சம், கறுத்து, அழுகின முட்டை மணத்தோடு. அதைக் கிளறிப் புதுத் தொட்டிக்குள் போட்டால் ஒரே இரவில் எல்லாம் போய்விடும். தம்பிக்கு மனமில்லை, காசு கொடுத்து வாங்கின மணல். இந்த இடத்தில் நான் பங்குச் சபைக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன். யார் யாரோடு 2009இலிருந்து கதைக்கிறதில்லை என்ற கணக்கை நாங்கள் வீடு மாறும்போது முதல் பெட்டியிலேயே கட்டிவிடுகிறோம்.

சரி, பவளங்கள்? பெரும்பகுதியை அவன் நண்பன் வீட்டுத் தொட்டியில் விட்டிருக்கிறான். கல்கரியில் கல்லும் தண்ணியும் நிலைகொண்டு, அமோனியா பூச்சியத்துக்கு இறங்கக் கிழமைக்கணக்காகும். அதன் பிறகு நண்பன் ஒவ்வொன்றையும் தனித்தனி இரட்டைப் பையில் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் வைத்து, ஒரு இரவில் போய்ச்சேருகிற விமானத்தில் அனுப்புவான். தனித்தனியாக ஏன் என்றால், நெருக்கடியில் ஒன்றையொன்று கொட்டும். பயத்தில் விடுகிற சளி மற்றதைக் கொல்லும். இடம்பெயர்ந்து ஒரே வீட்டில் நாலு குடும்பம் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறான். ஒவ்வொரு பவளத்திலும் ஒரு சின்னத் துண்டு வெட்டி, குட்டிக் கல்லில் பசை வைத்து ஒட்டி, அந்த நண்பனுக்கே கொடுத்துவிட்டான். ஃபிராக் என்கிறார்கள். துண்டு தானாக வளர்ந்து முழுப் பவளம் ஆகும். “என்ர செத்தா, அவன் திரும்பித் தருவான், ஃபாதர்.” வளர்ப்பவர்கள் எல்லோரும் இப்படிச் செய்வார்களாம். வைத்திருப்பதைக் காப்பாற்ற ஒரே வழி, கொஞ்சத்தை வெட்டிப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பது.

அம்மம்மா உடனே சொன்னார்: “அப்ப முருகையும் முருங்கை மாதிரித்தான்.”

அந்த ஒரு சொல்லோடு நான், யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவுக்குப் போய்விட்டேன். நாவற்குழிப் பக்கம் மழைக்குள் சனம் சனமாக, ஒரு அடி வைக்க எத்தனையோ நிமிடம். எங்கள் அப்பாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார். அவசரப்பட முடியாது. அவசரப்பட்டால் அவர் விழுந்துவிடுவார். முழுக் குடும்பமும் அப்பாச்சியின் வேகத்தில் தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது முற்றத்தில் நின்ற முருங்கை இல்லை. அடியோடு போயிருந்தது. சாவகச்சேரியில் ஒரு வீட்டுக்கு, அதற்குப் பல வருடம் முந்தி, அம்மா அந்த மரத்தில் ஒரு தடி வெட்டிக் கொடுத்திருந்தார். கொடுத்ததை அவரே மறந்திருந்தார். அந்த வீட்டுக்காரர் ஒரு நாள் சைக்கிளில் ஒரு தடியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் முருங்கைதான்.

நம் பங்கை விட்டுப் போகிறவர்களை நாங்கள் கணக்கில் கழித்து எழுதுகிறோம். இந்தக் குடும்பத்து அம்மா பத்து வருடம் இங்கே பாடகர் குழுவில் சின்னப் பிள்ளைகளைப் பழக்கினார். இன்று பாடுகிற பிள்ளைகளின் குரலில் அவர் இருக்கிறார். அதேபோல, கல்கரியில் அவர்களுக்கு ஏதும் வாடினால், இங்கிருந்து ஒரு தடியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியவர்கள் நீங்கள். குறைந்தது தொலைபேசி எடுக்கலாம். முதல் கிழமை மட்டும் அல்ல, பெப்ரவரி மாதத்திலும்.

அந்தச் சுத்தியல் பவளம் மட்டும் சனிக்கிழமை அவர்களோடு போகிறது. தம்பியால் அதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அறிவுரை சொன்னவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆனாலும் பதினாறு வயதில் நானும் கேட்டிருக்கமாட்டேன். பெட்டி அம்மம்மாவின் மடியில் போகும். வான் வெயிலில் நிற்கக்கூடாது, பெட்டியைத் திறந்து பார்க்கக்கூடாது, உள்ளே இருபத்தைந்து பாகைச் சூடு இருக்கவேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்திருக்கிறான். நிற்காமல் ஓடுகிற திட்டமும் போய்விட்டது. அம்மம்மாவின் முழங்காலுக்காக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிற்பார்கள். வழியில் மூன்று இரவு தங்குவார்கள். பெட்டிக்குள் இருப்பதற்குச் சின்ன வாளியில் தண்ணி மாற்றி, பற்றரிப் பம்பில் காற்று விட, அந்த இரவுகள் வசதி.

போய்ச் சேர்ந்ததும் உடனே விரியாது என்று அவன் எச்சரித்தான். தண்ணியைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கவேண்டும். முதல் நாட்களில் விளக்கைக் குறைத்து வைக்கவேண்டும். உயிரோடுதான் இருக்கும், ஆனால் நாட்கணக்காகச் சுருங்கியே இருக்கலாம். யாரும் தொட்டுப் பார்க்கக்கூடாது.

அம்மம்மா பெட்டியைத் தடவினார். “விடடா தம்பி. நான் கனடாவுக்கு வந்து ஆறு மாசம் வாய் திறக்கேல்ல.”

இப்போது அந்தக் குடும்பம் பீடத்துக்கு முன்னால் வரட்டும், வழிப்பயண ஆசீர் கொடுப்போம். பவளம் வீட்டிலேயே இருக்கட்டும், தம்பி. முன்வரிசையில் யாராவது அம்மம்மாவுக்கு ஒரு கதிரை கொண்டுவாருங்கோ. அவர் நடந்து வரும்வரைக்கும் நாங்கள் நிற்போம்.