குறை எழுதும் கை

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பெண்கள் வேலைக்குப் போகும் ஊர்கள். நூல் மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஓடும் தறிகளில் நிற்பவர்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர்கள், விடியும் முன்பே பட்டாசு ஆலை வேனுக்குக் காத்திருப்பவர்கள், மலையடிவாரத் தோப்புகளில் கூலி வேலை செய்பவர்கள் என்று இந்த வட்டாரத்தின் பிழைப்பைப் பெரும்பாலும் பெண்கள்தான் சுமக்கிறார்கள். அவர்கள் புறப்பட்டுப் போன பிறகு மூன்று வயதுப் பிள்ளை எங்கே இருக்கும்? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லாவிட்டால் பால்வாடியில்.

அப்படி ஒரு அங்கன்வாடி மையத்தை எண்ணிப் பார்க்கலாம். வாடகை வீடு, ஒற்றை அறை. மூலையில் காஸ் அடுப்பு. நாலடி தள்ளிப் பிள்ளைகள் உட்காரும் பாய். கழிப்பறை கிடையாது. உதவியாளர் பணியிடம் காலி என்பதால் டீச்சர் ஒருவரே சமைக்கிறார், ஊட்டுகிறார், பாட்டுச் சொல்லித் தருகிறார், எடை பார்க்கிறார், போஷன் டிராக்கர் செயலியில் பதிவும் ஏற்றுகிறார். பிள்ளைகள் அவரை ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வட்டார மேற்பார்வையாளர் ஆய்வுக்கு வருகிறார். கண்ணால் கண்டதை அப்படியே எழுதினால் மையத்துக்குப் பூட்டு விழலாம்; அந்தத் தெருவுக்கு வேறு மையம் இல்லை. எழுதாமல் விட்டால் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். அந்தக் கை எதை எழுத வேண்டும்?

கேட்டவுடன் ‘உண்மையைத்தான்’ என்று சொல்லிவிடலாம். ஆனால் எழுதாமல் விடுகிறவரின் பக்கத்தையும் கேட்க வேண்டும். மையம் பூட்டப்பட்டால் அந்தப் பிள்ளைகள் நல்ல மையத்துக்குப் போய்விடப் போவதில்லை. தறி ஓடும் அறையில் பஞ்சுத் தூசிக்கு நடுவே தொட்டில் கட்டப்படும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நிற்பாள். குழந்தைத் தொழிலாளர் என்றால் என்ன என்பதைச் சிவகாசியால் நாட்டுக்கே காட்டிய மாவட்டம் இது. குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் வழங்கிய தீர்ப்பு இந்த மண்ணிலிருந்து கிளம்பியதுதான். ஆகவே குறையை எழுதத் தயங்கும் மேற்பார்வையாளரைச் சோம்பேறி என்றோ கடமை தவறியவர் என்றோ உடனே சொல்லிவிட முடியாது. பல நேரம் அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருப்பது அன்பு.

அந்த அன்பு குழந்தைக்கு நல்லது செய்கிறதா என்பதுதான் கேள்வி.

விதிகள் கேட்பது ஆடம்பரம் அல்ல. 2013-ல் வந்த தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கையோடு வெளியான தர அளவுகளின்படி 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டரில் ஒரு வகுப்பறை, 30 சதுர மீட்டரில் வெளியிடம், உறுதியான கட்டடம், குடிநீர், குழந்தைகளுக்கேற்ற கழிப்பறை, சமைக்கத் தனி இடம் இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுவரை 20 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மூன்று வயதுக்குக் கீழே பத்துக்கு ஒருவர். எந்த நேரத்திலும் பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இல்லாமல் விடக்கூடாது. தன் வீட்டுப் பிள்ளைக்கு எந்தத் தாயும் கேட்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. ஆனால் நடப்பு வேறு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தைத் தணிக்கை செய்து மத்திய தணிக்கைத் துறை 2013-ல் வைத்த அறிக்கை, ஆய்வு செய்த மையங்களில் 52 சதவீதத்தில் கழிப்பறை இல்லை, 32 சதவீதத்தில் குடிநீர் இல்லை என்று சொன்னது. அது பல மாநிலங்களின் கணக்கு. 54,439 மையங்களோடு இந்தத் துறையில் முன்னோடி என்று பெயரெடுத்த தமிழ்நாட்டில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்றாலும், வாடகை வீட்டு ஒற்றை அறைகள் இங்கேயும் உண்டு.

ஆய்வின் அறத்தைப் பேசும் எந்தத் தமிழரும் கும்பகோணத்தைத் தாண்டிப் போக முடியாது. 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், ஒடுங்கிய படிக்கட்டு, சத்துணவுச் சமையல் கூடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய தீ வகுப்பறைகளின் கீற்றுக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அந்தக் கட்டடம் அதிகாரிகள் கண்ணுக்குப் படாத காட்டுக்குள் இருக்கவில்லை. நகரின் நடுவில், அங்கீகாரத்தோடு, அரசு மானியத்தோடு நடந்த பள்ளி. அதைவிடக் கொடுமையான ஒன்று விசாரணையில் வெளியே வந்தது. மாணவர் எண்ணிக்கையைச் சரிபார்க்க அதிகாரி வருகிறார் என்பதால், எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட ஆங்கில வழிப் பிள்ளைகளையும் அன்று கீற்றுக் கொட்டகைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. குழந்தைகளைக் காப்பதற்காக ஏற்பட்ட ஆய்வே, முன்கூட்டித் தெரிந்த ஒரு சடங்காகிப் போனதால், கூரைக்குக் கீழே கூட்டத்தைச் சேர்த்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலையில், தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேருக்குத் தண்டனை வழங்கி 11 பேரை விடுவித்தது. 2017-ல் உயர் நீதிமன்றம் தண்டனை பெற்றவர்களில் மேலும் பலரை விடுவித்தது. சட்டத்தில் குற்றம் நிரூபிக்கப்படுவது ஒரு கணக்கு. அந்தக் கூரையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவர்களின் மனச்சாட்சி வேறு கணக்கு. அதைத் தீர்த்துவைக்கும் மேல்முறையீடு எந்த நீதிமன்றத்திலும் இல்லை. இந்த விபத்தையொட்டித் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் சொன்ன தீர்ப்பு முக்கியமானது. கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது அது. அதே 2009 ஜூன் 5 அன்று மெக்சிகோவின் ஹெர்மோசியோ நகரில் ஏபிசி என்ற குழந்தைகள் காப்பகம் எரிந்து 49 குழந்தைகள் இறந்தார்கள். பாதுகாப்பு ஆய்வில் அந்தக் காப்பகம் தேறி இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இரண்டு ஊரிலும் காகிதம் சரியாக இருந்தது.

இங்கிருந்து ஒரு முடிவுக்கு வர முடியும். குறைகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. தீ, மின்கசிவு, பெயர்ந்து விழும் கூரை, மூடி இல்லாத தொட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டும் அடுப்பு ஆகியவற்றில் அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்றைக்கே அந்த அறையில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. பக்கத்துப் பள்ளி வராந்தாவோ சமுதாயக் கூடமோ, எங்காவது மாற்றியாக வேண்டும். அறை சின்னது, கழிப்பறை இல்லை, விளையாட இடமில்லை என்பவை வேறு வகை. அவற்றைக் காரணம் காட்டி மையத்தைப் பூட்டுவது பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஆனால் அவற்றையும் எழுதாமல் விடக் கூடாது. பார்த்ததை எழுதுவது ஆய்வுக்கு வருகிறவரின் கடமை. மூடாமல் திருத்துவது அவருக்கு மேலே இருப்பவர்களின் கடமை. எழுதினால் மூடத்தான் செய்வார்கள் என்ற பயத்தை உண்டாக்கி வைத்திருக்கும் நிர்வாகமே மேற்பார்வையாளரைப் பொய் சொல்லத் தள்ளுகிறது.

மூடினால் அத்தோடு விட்டுவிடவும் சட்டம் அனுமதிக்கவில்லை. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருக்கும் குடியிருப்பில் மையம் இல்லாவிட்டால் மக்கள் கேட்டுப் பெறலாம். கேட்ட மூன்று மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

கட்டடக் குறையை மறைப்பதைவிட மோசமான மறைப்பு ஒன்று உண்டு. அது எடைப் பதிவேட்டில் நடப்பது. வயதுக்கேற்ற எடை இல்லாத குழந்தை வளர்ச்சி அட்டையில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் அதற்குக் கீழேயும் இறங்கும். அப்படி இறங்கிய குழந்தைகளின் எண்ணிக்கை கூடினால் மேலிருந்து கேள்வி வரும். அதற்குப் பயந்து அரை கிலோ கூட்டி எழுதினால் யாருக்கும் கஷ்டமில்லை என்று தோன்றலாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தபோது, மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும், ஊட்டக் குறைவுள்ள பிள்ளைக்கு 800 கலோரியும் என்று வகுத்தது. கூட்டி எழுதிய அரை கிலோ அந்தக் கூடுதல் உணவை ஒரு குழந்தையின் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு மருத்துவப் பரிந்துரையும் போகாது. இரண்டு வயதுக் குழந்தை யாரிடமும் போய் முறையிட முடியாது. அதன் சார்பில் பேசுவது அந்தப் பதிவேட்டின் ஒரு வரி மட்டுமே.

அளப்பது எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் பால் சங்கத்து லாக்டோமீட்டர் இருக்கிறது. பால் கொண்டுவருகிறவரின் கேனில் அது இறங்கும். அதை அவமானம் என்று யாரும் நினைப்பதில்லை. ஊற்றுகிறவர் முன்னாலேயே அளவு தெரிகிறது, தினமும் நடக்கிறது, யாருக்கும் விலக்கில்லை. அங்கன்வாடி ஆய்வும் அப்படி ஆகியிருக்க வேண்டும். ஆனால் அது பல இடங்களில் எப்போதாவது வரும் புயலாக இருக்கிறது: வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் புதுப் பாய் விரிகிறது, சுவரில் படம் ஏறுகிறது. போன மறுநாள் எல்லாம் பழையபடி.

ஆய்வுக்கு ஆளாகிறவரின் பக்கமும் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தின் காவர்ஷாம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ரூத் பெரி, அரசின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வு தன் பள்ளியை ஒற்றைச் சொல்லில் மிகத் தாழ்வாக மதிப்பிட்டதை அடுத்து 2023 ஜனவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வுக்கும் அவருடைய மரணத்தில் பங்கு உண்டு என்று அதே ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான ஒற்றைச் சொல் மதிப்பீட்டை அந்நாடு கைவிட்டது. உண்மையைச் சொல்வது அறம்தான். ஆனால் யாருடைய குறை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

வாடகை வீட்டில் கழிப்பறை கட்டாதது டீச்சரின் குற்றமா? உதவியாளர் இல்லாததால் அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் போவது அவருடைய கவனக்குறைவா? 2025-ல் தமிழக அரசு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப ஆணையிட்டது. அவற்றில் 3,592 உதவியாளர் இடங்கள். அத்தனை மையங்களிலும் அதுவரை இருந்த குறைக்குப் பெயர் அரசின் தாமதம். மேற்பார்வையாளரின் குறிப்பு அதை அந்தப் பெயரிலேயே எழுத வேண்டும். பொத்தாம் பொதுவாக ‘மையத்தில் குறைபாடு’ என்று எழுதிவிட்டு, அதற்கு டீச்சரிடம் விளக்கம் கேட்பது, எளியவர் தலையில் பழியை இறக்கி வைக்கும் வேலை.

அவகாசம் கொடுப்பதிலும் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். கோப்புகளின் உலகத்தில் ஆறு மாதம் குறுகிய காலம். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது இதுவரை வாழ்ந்த வாழ்வில் கால் பங்கு. மூன்று வயதில் மையத்துக்குள் வரும் பிள்ளை ஆறு வயதில் வெளியே போய்விடும். கழிப்பறைக்கான கோப்பு மூன்று ஆண்டு நகர்ந்தால், கேட்ட பிள்ளைகளில் ஒன்றுகூட அதைப் பயன்படுத்தியிருக்காது. தேதி போடாத குறிப்பும், தேதி தாண்டியபின் யாரும் திரும்பிப் பார்க்காத குறிப்பும் எழுதப்படாத குறிப்புதான்.

தனியார் பக்கமும் இதே கேள்விதான், கொஞ்சம் வேறு உருவில். 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று வகுத்தது. மில்லுக்கு வரும் ஆய்வாளர் அறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அதில் பிள்ளைகள் இருக்கிறார்களா, இரவு ஷிஃப்டிலும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டிய அறைக்கு முன்னால் தொங்கும் பலகையை ஏற்றுக்கொள்வதும் பொய்யான குறிப்புதான்.

ஆஸ்திரேலியாவில் 2012 முதல் ஒவ்வொரு குழந்தைகள் மையமும் தன் தர மதிப்பீட்டை வாசலில் மாட்டி வைக்க வேண்டும். ‘தரத்தை எட்ட உழைத்துக்கொண்டிருக்கிறது’ என்ற பொருளில் அங்கே ஒரு படிநிலை உண்டு. அந்த நிலையில் இருக்கும் மையம் மூடப்படுவதில்லை, மறைக்கப்படுவதுமில்லை. பெற்றோர் அதைப் படித்துவிட்டுப் பிள்ளையை விடலாம். நமக்கு வேண்டியது அந்த நடு வழி. அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வுக் குறிப்பு எழுதும் பார்வையாளர் பதிவேடு ஒரு பொது ஆவணம். 2005-ம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் அதைப் பார்வையிடும் உரிமையைத் தருகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சி வார்டுகளில் பகுதி சபை கூட்டலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பிள்ளையை மையத்துக்கு அனுப்பும் தாய்மார்களே, தகப்பன்மார்களே: அடுத்த கூட்டத்தில் உங்கள் மையத்தின் கடைசி ஆய்வுக் குறிப்பை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தக் குறையை எந்தத் தேதிக்குள் யார் தீர்ப்பது என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். குறையை எழுதிய மேற்பார்வையாளருக்கும் அங்கே வேலை செய்யும் டீச்சருக்கும் பக்கத்தில் நில்லுங்கள்.