விரல் இழந்தவரின் உரிமையும் நாம் செய்யும் சமரசமும்

 



பொதட்டூர்பேட்டையில் வாழும் நமக்கு விசைத்தறிச் சத்தம் புதிதல்ல. அந்தச் சத்தத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதே சத்தத்துக்கு நடுவே, ஒரு நொடி கவனம் தப்பினால், பல்சக்கரம் விரலை இழுத்துக்கொள்கிறது. அம்பத்தூர் பக்கம் பிரஸ் மெஷின் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

சில மாதங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்ததும் ஒரு சகோதரர் தனியாக வந்தார். வலது கைப் பெருவிரல் இல்லை. "ஹழ்ரத், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது முதலாளி நாற்பதாயிரம் கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதி வாங்கிவிட்டார். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். இப்போது போய்க் கேட்டால் வாக்கு மீறிய பாவம் வருமா?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்கள் அனைவருக்கும் சொல்கிறேன்.

விரலுக்கு விலை வைத்த மார்க்கம்

நபி (ஸல்) அவர்கள் யமன் மக்களுக்காக அம்ர் இப்னு ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் எழுதிக் கொடுத்த கடிதத்தில் உடல் காயங்களுக்கான தியத், அதாவது நஷ்டஈடு, விவரமாக இருந்தது. ஓர் உயிருக்கு 100 ஒட்டகங்கள், ஒரு கைக்கு 50, ஒவ்வொரு விரலுக்கும் 10. சுண்டுவிரலும் பெருவிரலும் சமம்.

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஆரம்பத்தில் விரல்களின் பயனைப் பார்த்து, பெருவிரலுக்கு 15, அடுத்த இரண்டுக்கும் பத்துப் பத்து, மோதிர விரலுக்கு 9, சுண்டுவிரலுக்கு 6 என்று தீர்ப்பளித்தார்கள். பிறகு அம்ர் இப்னு ஹஸ்ம் குடும்பத்தாரிடம் இருந்த அந்தக் கடிதம் தெரியவந்ததும், நபியவர்களின் அளவே எடுத்துக்கொள்ளப்பட்டது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தமது ரிஸாலாவில் இதை எடுத்துக் காட்டுகிறார்கள்.

சிந்தியுங்கள்! சரியான அளவு தெரிந்த பிறகு அமீருல் முஃமினீன் அவர்களின் தீர்ப்பே நிற்கவில்லை. நாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதி வாங்கிய தாள் எம்மாத்திரம்?

நாட்டின் சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இன்று அது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. இந்தச் சட்டம் விரல்களைப் பிரித்துப் பார்க்கிறது. சம்பாதிக்கும் திறனில் பெருவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, சுண்டுவிரலுக்கு 7, ஒரு கை முழுதும் போனால் 60 சதவீதம் இழப்பு என்று கணக்கு.

முப்பது வயது, மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 7,200. அதை அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் சுமார் 4,49,000 ரூபாய் வருகிறது. அந்தச் சகோதரர் கையில் கிடைத்தது நாற்பதாயிரம்!

இழப்பீட்டைக் கைவிடுவதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றும் சட்டம் சொல்கிறது. சமரசத் தொகையை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்றால் அவர் மறுக்கலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து இ.எஸ்.ஐ. உள்ள இடமானால், நிரந்தர ஊனத்துக்கு அங்கிருந்தே மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

எது சமரசம்?

சமரசம் நல்லது என்று அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். ஆனால் ஹராமை ஹலாலாக்கும் சமரசம் கூடாது என்பது நபிமொழி. உண்மையான பாக்கி எவ்வளவு என்று தெரிந்துகொண்டே மறைத்துக் குறைத்து முடித்தால், தாள் அளவில் வழக்கு முடியலாம். அல்லாஹ்விடம் அந்தக் கடன் தீராது என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். வாதத் திறமையால் சகோதரனின் உரிமையைத் தீர்ப்பாகப் பெற்றவன் நெருப்புத் துண்டைத்தான் பெறுகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியவர்களே தீர்ப்பளித்தாலும் இந்த நிலை என்றால், நம் கையெழுத்துத் தாள் நம்மைக் காப்பாற்றுமா?

சில முதலாளிகள் கேட்பார்கள்: "கிணறு தோண்டுபவர், சுரங்கத்தில் இறங்குபவர் விபத்தில் இறந்தால் ஈடு இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே?" இருக்கிறது. அது உரிமையாளர் மீது குற்றம் இல்லாத இடத்துக்கு. வேகமாக வேலை ஆகட்டும் என்று பல்சக்கரத்தின் மூடியைக் கழற்றி வைத்தவர் அந்த ஹதீஸின் நிழலில் ஒதுங்க முடியாது. மேலும், இந்தச் சட்டம் இருப்பது தெரிந்துதான் ஆளை வேலைக்கு வைக்கிறோம். உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற இறைக்கட்டளை அதற்கும் பொருந்தும். தொழிலாளி எந்த மதத்தவராக இருந்தாலும் சரியே. ஒப்பந்தத்தில் வாழும் பிற மதத்தவருக்கு அநீதி செய்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வாதாடுவதாக நபியவர்கள் சொன்னதை மறந்துவிடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாளிகளே! முதலில் உரிய தொகை இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தவணை கேளுங்கள். தெரிந்த பிறகு அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது ஹலால். அவருக்குத் தெரியாதபடி குறைத்தது ஹலால் இல்லை.

தொழிலாளர்களே! வலி தீரும் முன் எதிலும் கையெழுத்திடாதீர்கள். மருத்துவச் சான்று, சம்பளச் சீட்டு, விபத்து நடந்த தேதி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் துறையில் மனுச் செய்யுங்கள். உரிமையைக் கேட்பது பேராசை அல்ல.

ஜமாஅத்தார்களே! சமரசம் பேசப் போனால், முதலாளிக்குத் தெரிந்தவர் என்பதால் அவர் பக்கம் சாயாதீர்கள். கணக்குத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தச் சகோதரரிடம் நான் சொன்னேன்: "உங்கள் மீது பாவமில்லை. போய்க் கேளுங்கள். கேட்கும்போது பழிச்சொல் மட்டும் வேண்டாம்." அவர் ஸலாம் சொல்ல நீட்டிய அந்தக் கையைப் பிடித்தபோது, பெருவிரல் இருந்த இடம் என் உள்ளங்கையில் வெறுமையாகப் பட்டது. நாளை மறுமையில் கைகள் பேசும் என்று யாஸீனில் ஓதுகிறோம். அன்று அந்தக் கை நம்மைப் பற்றி என்ன சொல்லும்?

யா அல்லாஹ்! உழைப்பவர்களின் கரங்களைப் பாதுகாப்பாயாக. அவர்களின் உரிமையை முழுமையாகக் கொடுக்கும் மனதை எங்களுக்குத் தருவாயாக. பிறர் உரிமையோடு உன்னைச் சந்திப்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன்.