நள்ளிரவில் எண்ணெய்



பொதுக்காலத்தின் 32ஆம் ஞாயிறான இன்று, மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்திலிருந்து பத்துத் தோழியர் உவமையைக் கேட்டோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. பத்துப் பேருமே தூங்கினார்கள். மணமகன் வந்தது நள்ளிரவில். ஐந்து பேரை வெளியே நிறுத்தியது எண்ணெய் இல்லாமைதான்.

நள்ளிரவு என்றாலே எனக்கு 2022 டிசம்பர் 9தான் நினைவுக்கு வருகிறது. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறிய இரவு அது. கரையோரக் குடிசைகளில் இருந்த வயதானவர்களை ஏற்றி வரப் பங்கின் பழைய பிக்கப்பை எடுத்தேன். பொலேரோ, 2523 சிசி டர்போ டீசல். முதல் நடை நல்லபடி போய் வந்தது. இரண்டாம் நடையில் விசில் போல ஒரு சத்தம், இழுவையே இல்லை, பின்னால் ஒரே நீலப் புகை. வண்டி நின்றுவிட்டது. மிச்சமிருந்தவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது, அதைவிட வயதான மீன்வண்டி ஒன்று. ஓட்டியவர் நம் பங்கைச் சேர்ந்த அண்ணன் ஒருவர்.

மறுவாரம் மெக்கானிக் டர்போவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “ஃபாதர், தண்டை ஆட்டிப் பாருங்க” என்றார். சுண்டுவிரலால் தொட்டேன்; ஆடுகிற பல் போல ஆடியது. எண்ணெய் வருகிற துளையில் நகத்தால் சுரண்டினால் அடுப்புக்கரி போல உதிர்ந்தது. அது இன்ஜின் ஆயில்தான், கருகிப்போன ஆயில்.

தவறு என்னுடையது. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு அவசரமாக ஓட்டுவேன். போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருகி இறங்கிவிடுவேன். ஆயில் மாற்றுவதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன்.

டர்போ செய்யும் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். இன்ஜின் வேண்டாமென்று வெளியே தள்ளும் புகைதான் அதன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சுழற்சி வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்கு மூச்சாகக் கொடுக்கிறது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃப்ரெட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கழிவைக் கொண்டே உயிர் கொடுக்கிற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம், கட்டுவோர் தள்ளிய கல்லை மூலைக்கல்லாக்கிய நம் ஆண்டவர்தான் என் நினைவுக்கு வருகிறார். இந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் தண்டைத் தாங்கி நிற்பது மயிரிழைக் கனத்து எண்ணெய்ப் படலம். ஓடி வந்த சூட்டிலேயே இன்ஜினை நிறுத்தினால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். உள்ளே தங்கின எண்ணெய் சூட்டில் வெந்து கரியாகும். ஏற்றம் ஏறி வந்தாலும் லோடு இழுத்து வந்தாலும், ஒன்றிரண்டு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு நிறுத்துங்கள். அந்த நேரத்தில் ஓர் அருள்நிறைந்த மரியே சொல்லலாம்.

புத்தியுள்ள தோழியர் எண்ணெயைப் பகிராததைக் கேட்டு முன்பெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அன்று இரவு புரிந்தது. அந்த அண்ணனுக்கு மனமிருந்தது. ஆனாலும் நான் மாற்றாமல் விட்ட ஆயிலை, புயலுக்கு நடுவே அவரால் எனக்குக் கடனாகத் தர முடியாது. பல வருடம் தினமும் காலையில் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தது அவருடைய கை.

தம்பிகளே, உங்களிடம் தனியாக ஒன்று பேச வேண்டும். அப்பாவின் பழைய வண்டியில் டர்போ பிரஷரை ஏற்றுகிறீர்கள், பம்ப்பில் டீசலைக் கூட்டுகிறீர்கள், ஸ்பிரிங் பட்டை சேர்த்து லோடை அதிகமாக்குகிறீர்கள். பழைய வண்டிமேல் உங்களுக்குள்ள பாசம் எனக்குப் பிடிக்கும். ஆனால் இழுவையைக் கூட்டியவர்கள் பிரேக்கைக் கூட்டினீர்களா? சேஸிஸ் அதே சேஸிஸ்தானே? கரும்புகையாகப் போவது எரியாத டீசல், அப்பாவின் காசு. அதைச் சுவாசிப்பது பின்னால் சைக்கிளில் வருகிற பள்ளிப் பிள்ளை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பொறியியலில் உண்மையாகவே ஆசை இருந்தால், செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் மகேந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. படித்து, அந்த வாசல் வழியாக உள்ளே போங்கள்.

கையில் காசிருந்தால் வண்டிக்கு அடியில் போடுங்கள். மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்பும் ஐஸ்தண்ணீரும், கடற்காற்றும் சேர்ந்து சேஸிஸைத் தின்கின்றன. நம் பங்கில் ஒரு வண்டியின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். இரும்பு அப்பளம் போல நொறுங்கியது. ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மழைக்காலம் முடிந்ததும் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடியுங்கள். ஏர் ஃபில்டரை மணலோடு விடாதீர்கள். அந்த மணல் நேரே டர்போவின் இறக்கையில்தான் போய் அடிக்கும்.

இது நவம்பர். அடுத்த புயல் எந்த இரவு வரும் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வாசலில் வாகனங்களை மந்திரிப்பேன். மாலை போட வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். ஆயில் மாற்றி, அடிப்பக்கம் கழுவி ஓட்டி வாருங்கள். தீர்த்தம் தெளிக்கும்முன் ஒவ்வொரு வண்டியின் டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்ப்பேன்; முதலில் பார்க்கப்போவது பங்கின் வண்டியை.