பிளவைத் தாண்டு!

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி. பஸ்ஸில் இருக்கும்போதே கோட்டை மலையான ராஜகிரி தெரியும். கல்யாண மகால் பக்கத்தில் நின்று நாலு போட்டோ, ஒரு செல்ஃபி. "அதான் கோட்டையைப் பார்த்தாச்சே, இந்த வெயில்ல மேல எவன் ஏறுவான்?" என்று திரும்பிய கூட்டத்தில் நீயும் உண்டா?

நீ பார்த்தது அடிவாரத்தை, தம்பி! 800 அடிக்கே மலைப்பா? உச்சியில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது, பீரங்கி கிடக்கிறது. அந்தப் பீரங்கி தானாக ஏறிப் போகவில்லை. உன் கையில் இருப்பதோ ஒரு தண்ணீர் பாட்டில்!

ஒரு படி சாண் உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம். கருங்கல் சூடு செருப்பைத் தாண்டிச் சுடும். தொடை நடுங்கும். நடுங்கட்டும்! நடுக்கத்தை நெஞ்சுவரை ஏற விடாதே.

உச்சி கைக்கெட்டும் தூரத்தில் வரும்போதுதான் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். கோட்டை கட்டியவர்கள் அதைக் கண்டு தலையில் கைவைத்து உட்காரவில்லை. மண் கொட்டித் தூர்க்கவும் இல்லை. இன்னும் ஆழமாக வெட்டினார்கள்! குறுக்கே ஒரு மரப்பாலம் போட்டார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட படையும் அக்கரையில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

உனக்கும் ஒரு பிளவு இருக்கிறது. இங்கிலீஷ் வராது, வீட்டில் வசதியில்லை, ரெண்டு அரியர் பாக்கி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயே, அதை என்றைக்காவது வெட்டிப் பார்த்திருக்கிறாயா? இங்கிலீஷ் வராததால் ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படித்தவனுக்குப் பாடம் எலும்புவரை இறங்கியிருக்கும். அதைக் குறை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். அது விழ 1698 ஆயிற்று. அதற்குள் உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். அதே கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள். மலை அதே மலை, பிளவு அதே பிளவு. என்னைக் கேட்டால், மாறியிருந்தது காவலுக்கு நின்றவர்களின் மனசு!

புறப்படு! வெயில் ஏறுமுன் அடிவாரத்தில் இரு, பொழுது சாய்ந்தால் ஏற விடமாட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுக்காதே, குரங்கு பறித்துவிடும். பாதியிலேயே இறங்கி வருகிறவன் ஒருவன் "மேல ஒண்ணுமில்லப்பா" என்பான். அவனுக்கு வழிவிட்டு நீ ஏறு!