விரலில் இருக்கும் கல் யாருடைய பேரைச் சொல்லுது?



போளூரிலே பூண்டு எடுத்து முடிந்த சமயம், அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "சித்தப்பா, பொண்ணு கல்லு வச்ச மோதிரம் கேக்குது, கூட வாங்க" என்றான். வத்தலக்குண்டுக்கு இறங்கினோம். கடைக்காரர் தட்டை எடுத்து வைக்கும் முன்னே, "தம்பிக்கு என்ன ராசி?" என்று கேட்டார். ஞாயிறுதோறும் ஆராதனையில் கைதட்டிப் பாடுகிற பிள்ளை, ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு ராசியைச் சொல்லிவிட்டான். என் உள்ளம் பதறிப்போயிற்று.

தேவ பிள்ளையே, யோசித்துப் பார். சிவப்பு மாணிக்கமும் நீலக்கல்லும் உண்மையில் ஒரே வகைக் கல்தான். குரோமியம் கொஞ்சம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அந்த ஒரே கல்லைத்தான் சோதிடம் ஒன்றைச் சூரியனுக்கும் மற்றொன்றைச் சனிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. கல் விரலில் படவேண்டும் என்று அடிப்பக்கம் திறந்து வைத்துக் கட்டுகிறார்கள். அதுவா உன் குடும்பத்தைக் காக்கும்?

அப்படியானால் கல்லே பாவமா? 1920-களில் இலங்கையில் எழும்பிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் முதற்கொண்டு நம் சபைகளில் அநேகம், நகையே வேண்டாம் என்று போதித்தன. வேறு சில சபைகளில் மோதிரம் மாற்றுகிறார்கள். ஆனால் யாத்திராகமம் 28-ஐ வாசியுங்கள். ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பத்மராகம், மரகதம், இந்திரநீலம் என்று பன்னிரண்டு கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர். ஆரோனின் சொந்தப் பெயர் அதில் இல்லை! பிறருடைய பெயர்களை இருதயத்தின்மேல் சுமந்துகொண்டு தேவசமுகத்தில் நிற்கவே அந்தக் கற்கள். ராசிக்கல்லோ, எனக்கு நல்லது நடக்கட்டும் என்று என் பேரை மட்டும்தான் சொல்லுகிறது.

இதை நினைத்துக்கொண்டே பெண் வீட்டுக்குப் போனேன். நன்றாகக் கண்டிக்கவேண்டும் என்றுதான் போனேன். அந்தப் பிள்ளை தலை குனிந்து, "மாமா, ராசி எதுவும் நான் நினைக்கல. சிவப்பா இருந்தா அழகா இருக்குமேன்னுதான் கேட்டேன். அவங்க பூண்டு போட்ட கடனே இன்னும் அடையலன்னு நேத்துத்தான் தெரிஞ்சது. கடன் வாங்கி எனக்கு ஒண்ணும் வேணாம், சும்மா ஒரு வளையம் போதும்" என்றாள்.

வாயடைத்துப் போனேன். இரட்சிக்கப்பட்ட வருஷம் நான் என் மோதிரத்தைக் கழற்றினேன். ஆனால் கழற்றிவிட்டேன் என்கிற மேட்டிமையை இத்தனை வருஷமாய் நான் கழற்றவில்லை. மோதிரம் போட்ட விசுவாசியைக் கண்டால் மனசுக்குள்ளே தீர்ப்பு சொன்னேன். அவர்களுக்காக ஒருநாளாவது ஜெபித்தேனா? இல்லை. அந்தப் பிள்ளையோ அவனுடைய பாரத்தைத் தன் இருதயத்தில் சுமந்தாள். குணசாலியான ஸ்திரீயின் விலை முத்துக்களுக்கும் மேலானது என்று நீதிமொழிகள் 31 சொல்லுவது இதுதானே!

அன்றிரவு தம்பியும் நானும் முழங்காலில் நின்றோம். அவன் ராசி சொன்னதற்காக அழுதான். நான் என் பெருமைக்காக அழுதேன்.

வாலிபத் தம்பி, தங்கச்சி, மோதிரம் வாங்கும் முன்னே இரண்டு கேள்வி கேள். இதை நம்பியா வாங்குகிறேன்? இதற்கான பாரத்தை யார் சுமக்கிறார்கள்? மோதிரமே போடாத மூப்பரே, நீரும் ஒன்று கேளும்: என் இருதயத்தின்மேல் இன்று யாருடைய பெயர் இருக்கிறது?

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.